பெரும் நிதியங்கள் வாங்கக்கூடிய வடிவில் கடனைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வளரும் நாடுகளின் மின்சாரம், சாலை, குடிநீர்த் திட்டங்களில் ஓய்வூதிய நிதியங்களும் காப்புறுதி நிறுவனங்களும் துணிந்து பணம் போட வேண்டும் என்ற பேச்சு பத்தாண்டுகளாக ஓயவில்லை. 2015ல் வளர்ச்சி நிதி குறித்த அடிஸ் அபாபா மாநாட்டையொட்டி வளர்ச்சி வங்கிகள் ‘பில்லியன்களிலிருந்து டிரில்லியன்களுக்கு’ என்று முழங்கின. 2024ல் பாக்கூ பருவநிலை மாநாடு, 2035க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் அமெரிக்க டாலர் என்று ஓர் இலக்கையும், எல்லாத் தரப்புப் பணத்தையும் சேர்த்து 1.3 டிரில்லியன் என்று இன்னோர் இலக்கையும் வைத்தது. மேடையில் எண் வளர்ந்துகொண்டே போகிறது. நிதியங்களின் ஏட்டில் அந்த வேகம் தெரியவில்லை.

திட்டக் கடனிலும் (ஒரு திட்டத்தின் சொந்த வருமானத்திலிருந்தே திரும்ப வேண்டிய கடன்) காப்புறுதி முதலீட்டிலும் வேலை செய்பவர்கள் என்ற முறையில் எங்கள் கருத்தைச் சொல்கிறோம். பெரும் முதலீட்டாளர்களுக்குத் தைரியம் ஊட்டத் தேவையில்லை. தங்கள் விதிப்படி வாங்கக்கூடிய சரக்கு அவர்களுக்குக் கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும். பெரும்பாலும் கிடைப்பதில்லை. சிங்கப்பூர் ஒதுக்கியிருக்கும் சலுகைப் பணம், அதாவது சந்தையைவிடக் குறைந்த வருமானத்துக்கோ கூடுதல் இடருக்கோ இசையும் பொதுப்பணம், அந்தச் சரக்கைத் தயாரிக்கப் பயன்பட வேண்டும். ஒவ்வொரு திட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் அது தரையில் விழுந்த இடம் தெரியாமல் போகும்.

சிங்கப்பூரின் ஷென்டன் வேயில் உள்ள ஒரு காப்புறுதி நிறுவனத்தின் முதலீட்டுக் குழு முன்னால், தென்கிழக்கு ஆசியாவில் கட்டப்படவிருக்கும் 30 மெகாவாட் சூரியமின் நிலையம் ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம். தேவைப்படும் கடன் சுமார் 18 மில்லியன் டாலர். வழக்கறிஞர் கட்டணம், தொழில்நுட்ப ஆலோசகரின் அறிக்கை, சுற்றுச்சூழல் ஆய்வு, நிதி மாதிரிக்கான தணிக்கை என்று ஆகும் செலவு 18 மில்லியன் கடனுக்கும் 300 மில்லியன் கடனுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பல பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி நிர்வகிக்கும் குழுவுக்கு 18 மில்லியன் என்பது ஆண்டறிக்கையில் ஒரு வரியாகக்கூட வராது. ஆனால் அதைக் கண்காணிக்க ஓர் ஆள் வேண்டும், அதுவும் பதினெட்டு ஆண்டுகளுக்கு.

அடுத்து, தரநிர்ணயம், அதாவது கடன் திரும்பும் வாய்ப்பை மதிப்பிட்டுத் தர எண் கொடுப்பது. 2020 மார்ச் 31 முதல் இங்குள்ள காப்புறுதி நிறுவனங்கள் இடர் அடிப்படையிலான இரண்டாம் கட்ட மூலதன விதிகளின்கீழ் இயங்குகின்றன. வாங்கும் சொத்தின் கடன் தரமும் அதன் காலமும் எவ்வளவு மூலதனத்தை ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். தர எண் இல்லாத திட்டக் கடனை வாங்கினால் ஒதுக்கு அதிகம், அதாவது ஈட்டும் வட்டியில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சிக்கலை 2016லேயே ஓரளவு தளர்த்தியது. தகுதிபெற்ற உள்கட்டமைப்புப் பங்கு முதலீட்டுக்கு, பட்டியலிடப்படாத மற்ற பங்குகளுக்கு இருந்த 49 விழுக்காட்டு ஒதுக்கை 30 ஆகக் குறைத்தது. மூன்றாவது சிக்கல், வெளியேறும் வழி. அரசுப் பத்திரத்தை நாளைக்கே விற்கலாம். ஒரே ஒரு சூரியமின் நிலையத்தின் கடனை வாங்க ஆள் தேடினால் மாதங்கள் ஆகும்.

அளவு, தர எண், வெளியேறும் வழி ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் முறை ஏற்கெனவே சிங்கப்பூரில் செய்துகாட்டப்பட்ட ஒன்று. 2018ல் உள்கட்டமைப்புக்குக் கடன் கொடுக்கும் கிளிஃபர்ட் கேப்பிட்டல் நிறுவனம் பேஃபிரண்ட் என்ற பெயரில் ஆசியாவின் முதல் உள்கட்டமைப்புக் கடன் தொகுப்புப் பத்திரத்தை வெளியிட்டது. 16 நாடுகளில் உள்ள 30 திட்டங்களுக்கு வங்கிகள் கொடுத்திருந்த 37 கடன்களை ஒன்றாகத் திரட்டினார்கள். மொத்தம் 458 மில்லியன் அமெரிக்க டாலர். அதை நான்கு அடுக்காகப் பிரித்தார்கள்: மேல் அடுக்கு 320.6 மில்லியன், தரநிர்ணய நிறுவனமான மூடிஸின் மிக உயர்ந்த தரம்; இரண்டாவது 72.6 மில்லியன், மூன்றாவது 19 மில்லியன், அடியில் 45.8 மில்லியன். மேல் மூன்றும் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன. அடி அடுக்கை ஏற்பாட்டாளர் தரப்பே வைத்துக்கொண்டது.

அடுக்குமாடிக் கட்டடத்தில் வெள்ளம் வந்தால் கீழ்த்தளம்தான் முதலில் நனையும். இங்கேயும் அப்படித்தான். 37 கடன்களில் சில திரும்பாமல் போனால் முதல் 45.8 மில்லியன் நட்டத்தை அடி அடுக்கு தாங்கும். மேல் அடுக்கைத் தொட வேண்டுமானால் மொத்தத்தில் 30 விழுக்காடு அழிந்திருக்க வேண்டும். இதனால்தான் முதலீட்டுத் தரமே இல்லாத நாடுகளின் கடன்களும் கலந்த தொகுப்பிலிருந்து மிக உயர்ந்த தரமுள்ள பத்திரம் பிறக்கிறது. இதில் மாயம் ஒன்றுமில்லை, கணக்குதான். 2021ல் இரண்டாவது தொகுப்பு 401.2 மில்லியனுக்கு வந்தது. ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் அந்த ஏற்பாட்டில் பங்குதாரராகச் சேர்ந்திருந்தது.

அடி அடுக்கு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதில்தான் பொதுப்பணம் வீணாவதும் மிச்சமாவதும் இருக்கிறது. ஐரோப்பிய முதலீட்டு வங்கியும் அனைத்துலக நிதிக் கழகமும் 2009ல் தொடங்கிய ‘ஜெம்ஸ்’ என்ற தரவுத்தொகுப்பு, வளர்ச்சி வங்கிகள் வளரும் நாடுகளில் தனியார் துறைக்குக் கொடுத்த கடன்களின் வரலாற்றைச் சேகரித்து வைத்திருக்கிறது. 2024ல் வெளியான விவரப்படி, ஓராண்டில் தவணை தவறும் கடன்கள் சராசரியாக 3.6 விழுக்காடு. தவறியவற்றிலிருந்து சுமார் 72 விழுக்காடு பிற்பாடு வசூலாகியிருக்கிறது. இரண்டையும் பெருக்கினால், நூறு டாலருக்கு ஆண்டொன்றுக்கு எதிர்பார்க்கும் நட்டம் ஒரு டாலர் அளவுதான். சராசரியாக ஐந்தாண்டில் திரும்பும் தொகுப்பு என்றால் ஐந்து டாலர். நிலைமை இருமடங்கு மோசமானாலும் பத்து. ஆக, 10 விழுக்காட்டு அடி அடுக்கு நியாயமானது. நிச்சயமில்லாத மனநிலையில் 30, 40 என்று கேட்பவர்கள் இந்த எண்களைப் பார்க்காதவர்கள், அல்லது பார்த்தும் பேரம் பேசுபவர்கள்.

ஒரு எச்சரிக்கை வேண்டும். சராசரி என்பது கடன்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தவறும் என்ற அனுமானத்தில்தான் நம்மைக் காப்பாற்றும். 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்ப முடியாது என்று அறிவித்தது. ஒரு டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த அதன் நாணயம் சில மாதங்களில் 360ஐ எட்டியது. மின்நிலையங்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பணம் தர வேண்டிய மின்சார சபையிடம்தான் பணம் இல்லை. தொகுப்பில் 40 விழுக்காடு ஒரே நாட்டில் இருந்திருந்தால் அடி அடுக்கு ஒரே வாரத்தில் கரைந்திருக்கும். ஆகவே நாட்டுக்கு உச்சவரம்பு வேண்டும். அதைவிடக் கவனிக்கப்படாதது, மின்சாரத்தை வாங்குபவருக்கான உச்சவரம்பு. ஐந்து மாநிலங்களில், ஐந்து நிறுவனங்கள் கட்டிய ஐந்து காற்றாலைகள் என்று தாளில் எழுதியிருக்கும். எல்லா மின்சாரத்தையும் வாங்குவது ஒரே அரசு நிறுவனம் என்றால் அது ஐந்து கடன் அல்ல, ஒரே கடன்.

இப்போது சிங்கப்பூரின் பணத்துக்கு வருவோம். ஆசியாவின் பசுமை மாற்றத்துக்கான ‘ஃபாஸ்ட்-பி’ கூட்டுத் திட்டத்தைச் சிங்கப்பூர் நாணய ஆணையம் 2023 டிசம்பரில் அறிவித்தது. இலக்கு 5 பில்லியன் அமெரிக்க டாலர். 2024 நவம்பரில் அரசாங்கம் 500 மில்லியன் டாலர் வரை சலுகை முதலாகத் தருவதாகச் சொன்னது. மற்ற அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் அறக்கொடை அமைப்புகளும் போடும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் என்பது ஏற்பாடு. முழுதாகத் திரண்டால் சலுகைப் பணம் ஒரு பில்லியன். அதைத் திட்டம் திட்டமாக, ஒவ்வொன்றின் தேவையிலும் 40 விழுக்காட்டைச் சலுகைப் பணமாகப் போட்டால் மொத்தம் 2.5 பில்லியனுக்குத்தான் வேலை நடக்கும். 20 விழுக்காடு என்றால் 5 பில்லியன், அதாவது அறிவித்த இலக்கு. தொகுப்பின் அடியில் 10 விழுக்காடாகப் போட்டால் அதே பணம் 10 பில்லியனைச் சுமக்கும். அலியான்ஸ் நிறுவனமும் நெதர்லாந்தின் எஃப்எம்ஓ வளர்ச்சி வங்கியும் 2023ல் அமைத்த 1.1 பில்லியன் டாலர் கடன் நிதியத்தில் எஃப்எம்ஓ ஏற்றது 111 மில்லியன் மட்டுமே. கூடுதலாக ஓர் அமெரிக்க அறக்கட்டளை 25 மில்லியனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. மீதி ஒரு பில்லியன் தனியார் பணம். ஆக, பத்துக்கு ஒன்று என்பது நடந்து முடிந்த விகிதம்.

ஓடிக்கொண்டிருக்கும் திட்டங்களின் கடனை வாங்குவதால் புதிதாக ஒன்றும் கட்டப்படாதே என்று கேட்பார்கள். சரியான கேள்வி. கட்டுமானக் காலம் வங்கிக்குரிய வேலை. ஆபத்து அதிகம், ஐந்தாறு ஆண்டுகள்தான், ஆளும் அனுபவமும் வங்கியிடம் இருக்கின்றன. நிலையம் ஓடத் தொடங்கியபின் வரும் நீண்ட, அலுப்பான பதினைந்து ஆண்டுகள் காப்புறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் உரியவை. அவர்களுடைய கடமைகளும் அவ்வளவு நீண்டவை. வங்கியின் கடன் வரம்பு பழைய திட்டங்களில் சிக்கிக்கிடக்கும்வரை அடுத்த திட்டத்துக்கு அதனிடம் இடம் இல்லை. எனவே தொகுப்புக்குக் கடன் விற்கும் வங்கி, விடுபட்ட வரம்பை 18 மாதத்துக்குள் இதே வட்டாரத்தின் புதுக் கட்டுமானத்தில் போட வேண்டும் என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். விற்ற ஒவ்வொரு கடனிலும் குறைந்தது 5 விழுக்காட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுத வேண்டும். இல்லையென்றால் அழுகிய பழங்கள்தாம் கூடையில் முதலில் வரும்.

இனி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும் விஷயம், நாணயம்.

சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடைகளின் விலைப் பலகையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2011 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கு 35 ரூபாய் அளவில் கிடைத்தது. 2024 தொடக்கத்தில் 62. ஊருக்குப் பணம் அனுப்புபவருக்கு மகிழ்ச்சி. ஊரில் பணத்தைப் போட்டுவிட்டு வெள்ளியாகத் திரும்பப் பெற வேண்டியவருக்கு நேர் எதிர். அதே காலத்தில் அமெரிக்க டாலர் 45 ரூபாயிலிருந்து 83க்குப் போனது. இடரைக் கடன் வாங்குபவர் தலையில் கட்டி டாலரிலேயே கடன் கொடுத்தால்? மின்கட்டணம் ரூபாயில் வருகிறது, தவணை டாலரில் போகிறது. முதலில் 45 ரூபாயில் அடைத்த அதே ஒரு டாலர் தவணைக்கு 83 ரூபாய் தேட வேண்டும். கட்டணமோ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு உறுதிசெய்யப்பட்டது. நிலையம் நன்றாக ஓடியும் கடன் தவறும்.

ரூபாயில் கடன் கொடுத்து, முன்பேர ஒப்பந்தம் (பின்னாளைய நாணய மாற்று விலையை இன்றே உறுதிசெய்வது) மூலம் நாணயத்துக்குக் காப்பு எடுத்தால் என்ன ஆகும்? ஒரு மாதிரிக் கணக்கு: வட்டி 9.5 விழுக்காடு. இந்தியாவில் பிடிக்கும் வரி, வட்டியில் பத்தில் ஒரு பங்கு, 0.95. காப்புச் செலவு 3 என்று வைப்போம். சில ஆண்டுகளில் இரண்டுக்கும் கீழே இறங்கியிருக்கிறது, சில ஆண்டுகளில் ஐந்தைத் தாண்டியிருக்கிறது. எதிர்பார்க்கும் நட்டம் 1. நிர்வாகம் 0.5. மிஞ்சுவது 4.05. 2024ல் அமெரிக்க அரசின் பத்தாண்டுப் பத்திரமே நான்கை ஒட்டித்தான் கொடுத்தது. பங்ளாதேஷோ இந்தியாவோ என்று எந்த நாட்டு ஆபத்தும் இல்லாமல், நாளைக்கே விற்கக்கூடிய வசதியோடு கிடைக்கும் அதே வருமானத்தை விட்டுவிட்டு வா என்று எந்தக் குழுவை அழைப்பது?

காப்பில் இன்னொரு பொறியும் உண்டு. முன்பேரச் சந்தையில் ஓராண்டு ஒப்பந்தம் தாராளமாகக் கிடைக்கும், ஐந்தாண்டைத் தாண்டினால் ஆள் குறைவு. கடனோ பதினெட்டு ஆண்டு. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் காப்பைப் புதுப்பிக்க வேண்டும். ஓராண்டில் ரூபாய் வலுவடைந்தால் காப்பில் நட்டம், அதை உடனே ரொக்கமாகக் கட்ட வேண்டும். கடனின் மதிப்பு ஏறியிருக்கும், ஆனால் அது ஏட்டில்தான். நல்ல செய்தி வந்த ஆண்டில் ரொக்கம் தேடி ஓடும் நிலை இப்படித்தான் வருகிறது.

நாணய இடரை முதலீட்டாளரே ஏற்பதும் நடக்காததல்ல. கேரள அரசின் உள்கட்டமைப்பு நிதி அமைப்பான ‘கிஃப்பி’ 2019ல் 2,150 கோடி ரூபாய்க்கு ஐந்தாண்டு மசாலா பத்திரம் (வெளிநாட்டில் விற்கப்படும் ரூபாய்ப் பத்திரம்) வெளியிட்டு லண்டனிலும் சிங்கப்பூரிலும் பட்டியலிட்டது. வட்டி 9.723 விழுக்காடு. டாலர் 69 ரூபாயாக இருந்தபோது வாங்கியவர் 2024ல் 83 என்ற விலையில் பணத்தைத் திரும்பப் பெற்றார். டாலர் கணக்கில் அவருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு ஆறு விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே. மோசமில்லை. ஆனால் பத்திரத்தில் அச்சிட்ட 9.7ஐ நம்பியவர் ஏமாந்திருப்பார். அந்தப் பணத்தைப் பெற்றவருக்கும், ரூபாயில் அது மலிவான கடனாக இருக்கவில்லை.

நாங்கள் பரிந்துரைப்பது இரண்டு வழி. முதலாவது, பணம் எல்லை தாண்டவே தேவையில்லாத வழி. உள்ளூர் ஓய்வூதிய நிதியமும் வங்கியும் உள்ளூர் நாணயத்தில் கடன் கொடுக்கட்டும், வெளியிலிருந்து உத்தரவாதம் மட்டும் வரட்டும். பிலிப்பீன்ஸில் திவி-மக்பன் புவிவெப்ப நிலையங்களுக்கு 2016ல் 10.7 பில்லியன் பெசோ பத்திரம் வெளியானது. அசலிலும் வட்டியிலும் 75 விழுக்காட்டுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி உத்தரவாதம் கொடுத்தது. வருமானமும் பெசோ, கடனும் பெசோ. இதற்கென்றே ஆசியான், சீனா, ஜப்பான், தென்கொரியா சேர்ந்து 2010ல் அமைத்த கடன் உத்தரவாத அமைப்பு மணிலாவில் இருக்கிறது. நம் காப்புறுதி நிறுவனங்கள் இந்த உத்தரவாதங்களின் ஒரு பங்கை மறுகாப்புறுதியாக, அதாவது உத்தரவாதம் கொடுத்தவரின் பொறுப்பில் ஒரு பகுதியைக் கட்டணத்துக்கு, ஏற்கலாம். அது அவர்கள் தினமும் செய்யும் தொழில்தான்.

இரண்டாவது வழி, வெளிப்பணம் வந்தே தீர வேண்டிய இடத்துக்கு. ஆண்டுக்கு மூன்று விழுக்காடுவரையிலான நாணய வீழ்ச்சியை முதலீட்டாளர் ஏற்கட்டும், அதை வட்டியில் சேர்த்துக்கொள்வார். மூன்றிலிருந்து ஏழுவரை சலுகை நிதி ஏற்கட்டும். ஏழுக்கு மேல் மறுபடியும் முதலீட்டாளர். முழு வீழ்ச்சியையும் அரசே ஏற்றால் மோசமான பொருளாதாரக் கொள்கைக்கு நாம் பரிசு கொடுப்பதாகும். ஆம்ஸ்டர்டாமில் 2007 முதல் இயங்கும் டிசிஎக்ஸ் நிதியம் மற்றவர்கள் தொடாத நாணயங்களுக்கும் நீண்டகாலக் காப்பு விற்கிறது. சலுகை நிதி ஏற்கும் மூன்று முதல் ஏழுவரையிலான அடுக்கின் விலையைக் கணக்கிட அதன் விலைகளையே அடிப்படையாகக் கொள்ளலாம்.

வரியில் ஒரு சிறு ஓட்டை பெரிய இழப்பாகிறது. இந்தியா-சிங்கப்பூர் இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாட்டின்படி, கடன் கொடுத்தவர் வங்கியாகவோ காப்புறுதி நிறுவனமாகவோ இருந்தால் வட்டிக்கு 10 விழுக்காடு வரி. மற்றவர்களுக்கு 15. கடன்களைத் திரட்டி வைத்திருக்கும் தொகுப்பு நிறுவனம் வங்கியும் அல்ல, காப்புறுதியும் அல்ல. மேலே சொன்ன 9.5 விழுக்காட்டு வட்டியில் 0.95க்குப் பதில் 1.425 போகும். மிச்சமிருந்த 4.05, 3.6 ஆகிவிடும். ஏட்டில் வங்கியையே கடன்தாரராக வைத்துக்கொண்டு பங்கை மட்டும் மாற்றிக்கொடுக்கலாம் என்று சிலர் யோசிப்பார்கள். உண்மைப் பயனாளர் யார் என்ற கேள்வி வரித்துறையிலிருந்து வரும், பல ஆண்டு கழித்து, வட்டியோடு. அரசு நிதியங்களுக்கும் அறிவிக்கப்பட்ட ஓய்வூதிய நிதியங்களுக்கும் இந்தியா உள்கட்டமைப்பு முதலீட்டில் தனி வரிவிலக்கு கொடுத்திருக்கிறது, 2030 மார்ச்வரை நீட்டித்தும் இருக்கிறது. காப்புறுதி நிறுவனத்துக்கு அது கிடையாது.

மின்சாரத்தை வாங்குபவர் பணம் கட்டுவாரா என்பது அடுத்தது. இதைத்தான் ஒப்பந்தத்தைப் படிக்காதவர்கள் குறைவாக மதிக்கிறார்கள். சூரியமின் கடன்கள் வழக்கமாகத் தவணையைப் போல் 1.2 முதல் 1.3 மடங்கு ரொக்கம் வருமாறு அமைக்கப்படும், ஆறு மாதத் தவணை தனிக்கணக்கில் இருக்கும். மின்வாரியம் ஒன்பது மாதம் பாக்கி வைத்தால் ஏழாம் மாதத்தில் கடன் தவறும். பலகைகளில் தூசுகூட இல்லாமல் இருக்கலாம். இந்தியாவில் மாநில மின்வாரியங்கள் பலவற்றின் பாக்கி மலையாகக் குவிந்ததால்தான் 2022 ஜூனில் தாமதக் கட்டண விதிகள் வந்தன. பழைய பாக்கியை அதிகபட்சம் 48 மாதத் தவணைகளில் அடைக்க வழி செய்தார்கள். ஆந்திரத்தில் 2019ல் புதிய அரசு காற்றாலை, சூரியமின் ஒப்பந்தங்களின் விலையைத் திருத்த முற்பட்டது. ஒப்பந்த விலையே செல்லும், பாக்கியைக் கட்டுங்கள் என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2022 மார்ச்சில். நியாயம் கிடைத்தது, ஆனால் எந்தக் கடனின் காப்புக் கணக்கும் இரண்டரை ஆண்டு தாங்காது.

எதிர்மாறான உதாரணம் மத்தியப் பிரதேசத்தின் ரேவா. 750 மெகாவாட், 2017 ஏலத்தில் முதலாண்டு விலை யூனிட்டுக்கு 2.97 ரூபாய், அப்போது நாட்டிலேயே மிகக் குறைவு. காரணம் மலிவான பலகை மட்டுமல்ல. பணம் கட்டுவதற்கு மூன்று அரண்கள் இருந்தன: வங்கிக் கடனுறுதிக் கடிதம், அதற்குப் பின்னால் தனிப் பாதுகாப்பு நிதி, அதற்கும் பின்னால் மாநில அரசின் உத்தரவாதம். மின்சாரத்தில் ஒரு பகுதியை டெல்லி மெட்ரோ வாங்கியது, எனவே ஒரே வாரியத்தை நம்பியிருக்கவில்லை. பாதுகாப்பு கூடினால் வட்டி குறையும், வட்டி குறைந்தால் மக்கள் கட்டும் விலை குறையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அரசியல் இடர்க் காப்புறுதி இருக்கிறதே என்பார்கள். உலக வங்கிக் குழுமத்தின் மிகா அமைப்பு பறிமுதல், பணம் வெளியேறத் தடை, போர், ஒப்பந்த மீறல் ஆகியவற்றுக்குக் காப்பு தருகிறது. 2024 ஜூலையில் குழுமத்தின் உத்தரவாதங்கள் எல்லாம் அங்கே ஒரே கூரையின்கீழ் வந்தன, நல்ல மாற்றம். ஆனால் ஒப்பந்த மீறலுக்கு இழப்பீடு கிடைக்க, பொதுவாக நடுவர் தீர்ப்பு கையில் இருக்க வேண்டும். நடுவர் மன்றம் எங்கே என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டாலோ, வாரியத்தின் சொந்த ஊர் நீதிமன்றம் என்று எழுதினாலோ, காப்புறுதிச் சீட்டு அலங்காரத்துக்குத்தான். சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மையம் என்று எழுதுவது ஒரு வரி வேலை.

கட்டுமானத்தில் தவறக்கூடியவை பல, எல்லாவற்றையும் இங்கே எழுத இடமில்லை. ஒன்று மட்டும்: மின்தடம். கென்யாவின் துர்கானா ஏரிக் காற்றாலை, 365 காற்றாடிகள், 310 மெகாவாட், 2017ல் தயாராகிவிட்டது. மின்சாரத்தைக் கொண்டுசெல்ல வேண்டிய 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தடத்தை அரசு கட்ட வேண்டியிருந்தது, அதன் ஒப்பந்ததாரர் திவாலானார். 2018 செப்டம்பரில்தான் இணைப்பு கிடைத்தது. இடைப்பட்ட காலத்துக்கான இழப்பீட்டுச் சுமை கென்ய மக்கள்மேல் விழுந்தது. நிலையமும் தடமும் ஒரே கையில் இல்லாத திட்டத்தின் கடனை, தடம் ஓடும்வரை தொகுப்பில் சேர்க்கவே கூடாது.

இதைப் படிக்கும் சிலருக்கு மசேநிதிப் பணம் இப்படிப் போகிறதோ என்ற கவலை வரலாம். போகாது. மத்திய சேம நிதி வாரியம் அந்தப் பணத்தைச் சிறப்பு அரசாங்கப் பத்திரங்களில் வைக்கிறது, அதற்கு அரசாங்கம் பொறுப்பு. நாம் பேசுவது காப்புறுதி நிறுவனங்கள், வெளிநாட்டு ஓய்வூதிய நிதியங்கள் ஆகியவற்றின் பணம் பற்றி. பங்கேற்பு ஆயுள் காப்புறுதி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இதில் நேரடி அக்கறை உண்டு. அவர்களுடைய போனஸ் இத்தகைய சொத்துகளின் வருமானத்தைப் பொறுத்து அமையும்.

ஆகவே நாணய ஆணையம் ஃபாஸ்ட்-பியின்கீழ் 500 மில்லியன் டாலருக்கு ஒரு தொகுப்பை முன்மாதிரியாக அமைக்கலாம். 25 முதல் 35 கடன்கள், குறைந்தது எட்டு நாடுகள், எந்த நாடும் 20 விழுக்காட்டைத் தாண்டாமல், எந்த ஒரு மின்வாரியமும் 10 விழுக்காட்டைத் தாண்டாமல். அடி அடுக்கு 50 மில்லியன், அதில் பாதியைச் சிங்கப்பூரின் சலுகைப் பணம் ஏற்க, மீதி மற்றக் கொடையாளர்களுக்கு. மேல் அடுக்கை உள்கட்டமைப்பு முதலீடாகக் கருதுவதா, சாதாரணக் கட்டமைப்புப் பத்திரமாகக் கருதுவதா என்பதைப் பத்திரம் வெளிவருமுன்பே காப்புறுதி நிறுவனங்களுக்கு எழுத்தில் சொல்லிவிட வேண்டும். வெளிவந்தபின் சொன்னால் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு கடனும் எப்படி ஓடுகிறது என்பதைக் காலாண்டுக்கு ஒருமுறை, நிறுவனப் பெயர் மறைத்து, பொதுவில் வெளியிட வேண்டும். நம் மூன்று உள்ளூர் வங்கிகளிடமும் இவ்வட்டாரத் திட்டக் கடன்கள் பற்றிய பல்லாண்டுத் தரவு இருக்கிறது. ஜெம்ஸ் போன்ற ஒரு தொகுப்பில் அது சேர்ந்தால், எல்லோரும் 10 விழுக்காட்டு அடி அடுக்கு போதுமா என்று ஊகிப்பதை விட்டுக் கணக்கிடத் தொடங்குவார்கள்.

வரி விஷயத்துக்கு நாணய ஆணையம் போதாது. இந்தியா-சிங்கப்பூர் அமைச்சர்நிலை வட்டமேசைக் கூட்டம் 2022 முதல் நடந்துவருகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட, வங்கிகளிடமிருந்தே கடன்களை வாங்கிய தொகுப்பு நிறுவனங்களுக்கும் 10 விழுக்காட்டு வரியையே விதிக்கலாம் என்ற ஒற்றை வரித் திருத்தத்தை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி நிதி அமைச்சைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திட்டக் கடன், காப்புறுதி முதலீட்டுத் துறைகளில் பணிபுரியும் வாசகர்கள்
சிங்கப்பூர்